இதயப் பம்பு வைத்தவருக்கு ரத்தம் உறைந்தால்: செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

இதயம் மிகவும் தளர்ந்து, இனி மருந்தால் மட்டும் சமாளிக்க முடியாது என்ற நிலையில் சிலருக்கு இடது கீழறையில் ஒரு பம்பு பொருத்துகிறார்கள். சுருக்கமாக எல்வாட் என்பார்கள். செலவு ஒரு கோடி ரூபாயை ஒட்டி வருவதால் நம் நாட்டில் இன்னும் அரிதுதான். ஆனால் செட்டிநாட்டில் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற வீடுகள் அதிகம். அங்கே பம்பு வைத்துக்கொண்டு படைப்புக்கோ பேரன் கல்யாணத்துக்கோ ஊருக்கு வந்து சில மாதம் தங்குகிறவர்கள் உண்டு. சென்னையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்களும் உண்டு. பம்பு வைத்த மருத்துவமனை 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். பக்கத்தில் இருப்பது என்னைப் போன்ற பொது மருத்துவர், ஒரு மருந்துக்கடை, ஒரு லேப். பம்பு பொருத்துவது என் வேலை இல்லை. பொருத்திக்கொண்டு வந்தவர்களின் வீட்டார் கேட்பதற்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் பம்பு மையம் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னதே சரி.

பம்பு வைத்தால் ரத்தம் ஏன் உறைகிறது?

ரத்தம் உறைய மூன்று காரணங்களை மருத்துவத்தில் சொல்வார்கள்: ஓட்டம் மந்தமாவது, படுகிற பரப்பு சரியில்லாதது, ரத்தத்தின் இயல்பே மாறிப்போவது. பம்பு வைத்தவரிடம் மூன்றும் இருக்கின்றன. டைட்டானியமும் செயற்கைக் குழாயும் உடம்புக்கு அந்நியம். ரத்தம் அவற்றைத் தொட்டவுடன் உறைவதற்கான வேலை தொடங்கிவிடுகிறது. சுழலும் பாகத்தில் அடிபட்டுச் சில சிவப்பணுக்கள் உடைகின்றன. அதுவும் உறைவைத் தூண்டும். பம்பு ரத்தத்தை வேறு வழியாக எடுத்துப் போவதால் இதயத்துக்குள்ளேயே சில இடங்களில் ஓட்டம் குறைகிறது. ஊருணியில் தண்ணீர் அசையாத மூலையில்தான் பாசி படரும், அந்த மாதிரி. பெருந்தமனி வால்வு சரியாகத் திறக்காதவர்களுக்கு அந்த வால்வின் மேல்பக்கமும், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு மேலறையும் இப்படிப்பட்ட மூலைகள்.

எனவே உறைந்த ரத்தக் கட்டி பம்புக்குள்தான் வரும் என்றில்லை. பம்புக்குள் நுழையும் குழாயின் வாயில் வரலாம், வெளியேறும் குழாயில் வரலாம், இதயத்துக்குள்ளேயே உருவாகிப் பம்புக்குள் போகலாம். எங்கிருந்து கிளம்பினாலும் மூளைக்குப் போனால் பக்கவாதம்.

எங்க அப்பச்சிக்கு வைத்திருப்பது புது மாடல் என்கிறார்கள். அதிலும் அடைப்பு வருமா?

வரும், ஆனால் மிகவும் குறைவு. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இணையத்தில் தேடினால் பழைய பம்பின் புள்ளிவிவரம் கண்ணில் பட்டு வீடே கலங்கிப்போகிறது.

ஹார்ட்மேட் 2 என்ற பம்பு 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உள்ளே சிறு திருகு போன்ற பாகம் தாங்கிகளின் மேல் சுழலும். அந்தத் தாங்கிகளைச் சுற்றித்தான் கட்டி படியும். 2011க்குப் பிறகு இந்தப் பம்பில் அடைப்பு திடீரென்று கூடியது. பொருத்திய மூன்று மாதத்துக்குள் அடைப்பு வந்தவர்கள் 2.2 சதவீதமாக இருந்தது 8.4 சதவீதமானது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

அடுத்து வந்த ஹார்ட்மேட் 3, 2017இல் அனுமதி பெற்றது. இதில் சுழலும் பாகம் எதையும் தொடாமல் காந்த விசையில் மிதக்கிறது. ரத்தம் போகும் இடைவெளிகள் அகலம். இரண்டு நொடிக்கு ஒரு முறை வேகத்தைத் தானே ஏற்றி இறக்கி உள்ளே தேங்கியதைக் கழுவித் தள்ளுகிறது. இரண்டு பம்புகளையும் 1,028 பேரிடம் ஒப்பிட்டு இரண்டு ஆண்டு கவனித்தார்கள். பழையதில் 13.9 சதவீதம் பேருக்குப் பம்பு அடைப்பு அல்லது அடைப்புச் சந்தேகம், புதியதில் 1.4 சதவீதம். பக்கவாதம் 19.4இலிருந்து 9.9 சதவீதமாக இறங்கியது.

ஹெச்வாட் என்று இன்னொரு பம்பும் இருந்தது. பக்கவாதமும் மரணமும் அதில் அதிகம் என்று தெரிந்ததாலும், நின்றால் மறுபடி ஓடத் தாமதித்ததாலும் 2021 ஜூனில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே வைத்தவர்கள் அதோடுதான் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பது எது என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் கணிப்பில், பொறியாளர்கள் தங்கள் பங்கைப் பெரும்பாலும் செய்துவிட்டார்கள். மீதி ஆபத்து இப்போது மாத்திரை டப்பாவிலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டிலும்தான் இருக்கிறது.

அடைப்பு வருகிறது என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சிறுநீரைப் பாருங்கள். கோலா பானம் மாதிரி, கடுங்காப்பி மாதிரி கறுத்துப் போனால் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று பொருள். காலையில் கழிப்பறைக்குள் போகிறவரிடம் தினமும் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரியவர்கள் கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், பம்பை இயக்க உடம்புக்கு வெளியே இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் காட்டும் மின்சக்தி அளவு. தினமும் ஒரே நேரத்தில் நோட்டில் எழுதி வையுங்கள். வழக்கமான அளவைவிட ஏறிக்கொண்டே போனால், அல்லது திடீரென்று குதித்துக் குதித்து இறங்கினால், பம்பு எதையோ எதிர்த்துச் சிரமப்படுகிறது. கூடவே மூச்சிரைப்பு, கால் வீக்கம், படுக்க முடியாமை, பழைய இதய நோய் திரும்பி வந்த மாதிரித் தோன்றும்.

ரத்தத்தில் எல்.டி.எச். என்று ஒரு சோதனை உண்டு, சிவப்பணுக்கள் உடைந்தால் அது ஏறும்; காரைக்குடியிலேயே செய்யலாம். இயல்பின் மேல் எல்லையைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டினால் மையத்தில் உடனே கவலைப்படுவார்கள். ஒரே ஒரு எண்ணைவிட, அவருடைய பழைய எண்களோடு ஒப்பிட்டு ஏறுகிறதா என்பதே முக்கியம்.

‘ஓட்டம் குறைவு’ என்று அலாரம் அடித்தது. கட்டிதானே?

அவசரப்பட வேண்டாம். ஹார்ட்மேட் 3இல் ஓட்டம் நிமிடத்துக்கு 2.5 லிட்டருக்குக் கீழே போனால் அந்த அலாரம் வரும். சித்திரை வெயிலில் நம் ஊரில் அதிகம் பார்க்கிற காரணம் உடம்பில் நீர் வற்றுவது. வயிற்றுப்போக்கு, இதய மாத்திரையோடு கொடுக்கும் நீர் மாத்திரை கூடிப்போவது, ரத்தக் கொதிப்பு ஏறுவது, உள்ளே ரத்தம் கசிவது, துடிப்பு தாறுமாறாவது எல்லாமே இதே அலாரத்தை அடிக்க வைக்கும். வெளியேறும் குழாய் முறுக்கிக்கொள்வதும், குழாயைச் சுற்றி வெளிப்புறம் பிசின்போல் சேர்ந்து நெருக்குவதும் ஹார்ட்மேட் 3இல் கண்டறியப்பட்டு, 2018இலும் 2024இலும் எச்சரிக்கைகள் வெளியாயின. அவற்றை ஸ்கேன் எடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். உங்கள் வேலை அலாரத்தின் பெயரையும் திரையில் உள்ள எண்களையும் போட்டோ எடுத்து மையத்துக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்வது.

அடைப்பு உறுதியானால் என்ன செய்வார்கள்?

மருத்துவமனையில் சேர்த்து ஹெப்பரின் அல்லது பைவாலிருடின் என்ற உறைதடுப்பு மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். கட்டியைக் கரைக்கும் மருந்தும் உண்டு, ஆனால் மூளையில் ரத்தம் கசியும் பயம் இருப்பதால் எல்லாரும் கையை வைப்பதில்லை. மருந்துக்கு அடங்காவிட்டால் பம்பையே மாற்றும் அறுவைச் சிகிச்சை, அல்லது மாற்று இதயம். இதில் எதுவும் காரைக்குடியில் வைத்துப் பார்க்கிற வேலை இல்லை.

பக்கவாதம் மாதிரி இருந்தால்?

வாய் கோணல், ஒரு கை தொய்தல், பேச்சுக் குழறல், திடீர்க் கடும் தலைவலி, பார்வை மங்கல். 108ஐக் கூப்பிடுங்கள், சி.டி. ஸ்கேன் இருக்கிற மருத்துவமனைக்கே நேராகப் போகச் சொல்லுங்கள். பம்பு வைத்தவருக்குக் கட்டியாலும் பக்கவாதம் வரும், ரத்தக் கசிவாலும் வரும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். வைத்தியமோ நேர் எதிர். ஸ்கேன் பார்க்காமல் ‘ஒரு ஆஸ்பிரின் போட்டுவிடுவோம்’ என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இந்தப் பம்போடு எடுக்கவே கூடாது. பதற்றத்தில் மறந்துபோகும், அதனால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

உறையாமல் இருக்க மருந்து கொடுக்கிறார்கள். அப்புறம் ரத்தம் போகிறது என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்கு?

நல்ல கேள்வி, இந்த நோயின் சிக்கலே இதுதான். ரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் காரணி என்று நீளமான ஒரு புரதம் இருக்கிறது. காயம் பட்ட இடத்தில் தட்டணுக்களைப் பிடித்து ஒட்டவைப்பது அதன் வேலை. பம்பின் வேகத்தில் இந்தப் புரதம் இழுபட்டு நீள்கிறது. நீண்டவுடன் ரத்தத்திலேயே உள்ள ஒரு நொதி அதை வெட்டிவிடுகிறது. குட்டையானது சரியாக ஒட்டாது. பம்பு வைத்த கிட்டத்தட்ட எல்லாருக்குமே இந்த மாற்றம் வருகிறது. இதோடு குடலில் மெல்லிய, எளிதில் கசியும் ரத்தக் குழாய்கள் உருவாகின்றன. இத்தனைக்கும் மேல் நாம் உறைதடுப்பு மாத்திரை வேறு கொடுக்கிறோம்.

அதனால் மலம் தார்போல் கறுத்துப் போனால் சொல்லுங்கள் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்). ரத்தம் போகிறது என்று பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பக்கத்து மருத்துவர் வைட்டமின் கே ஊசி போடுகிறேன் என்றால், பம்பு மையத்தோடு ஒரு முறை பேசச் சொல்லுங்கள். அதிக அளவில் போட்டால் உறைதடுப்பு முழுதாக முறிந்து, கசிவை நிறுத்தப்போய்க் கட்டியை வரவழைத்த கதையாகிவிடும்.

அமெரிக்காவில் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார்கள். இங்கே இருக்கிறவர்கள் தொடரச் சொல்கிறார்கள். யார் சரி?

ஹார்ட்மேட் 3 வைத்த 628 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. எல்லாருக்கும் வார்ஃபரின் வகை உறைதடுப்பு மருந்து உண்டு. பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஆஸ்பிரின் இல்லாதவர்களுக்குக் கட்டி கூடவில்லை. பெரிய ரத்தக் கசிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்த முடிவு ஹார்ட்மேட் 3க்கு மட்டும்தான். பழைய பம்புக்கோ, ஸ்டென்ட் வைத்திருப்பவருக்கோ அப்படியே பொருந்தாது. உங்கள் அப்பச்சிக்கு ஸ்டென்ட் இருந்தால் ‘தொடருங்கள்’ என்றவர் காரணத்தோடுதான் சொல்லியிருப்பார். மையத்தை நேராகக் கேளுங்கள்.

வார்ஃபரின் எலி மருந்தாமே?

ஆமாம், பொய்யில்லை. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். அளவு ஒன்றுதான் வித்தியாசம். அந்த அளவைக் காக்கத்தான் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை; எண் ஏறினால் ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று பொருள்.

கடையில் வார்ஃபரின் இல்லை, ‘அசிட்ரோம் இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்’ என்று கொடுத்தார்கள். பரவாயில்லையா?

இது ஒன்றுதான் என்னைத் தூக்கத்தில்கூட எழுப்புகிற கேள்வி. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமமில்லை. அசிட்ரோமில் இருக்கும் அசினோகூமரால் ஏறக்குறைய இரு மடங்கு வீரியம். வெளிநாட்டிலிருந்து 5 மி.கி. வார்ஃபரினோடு வந்தவருக்கு 5 மி.கி. கணக்கில் அசிட்ரோம் கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் பார்க்கலாம். அசிட்ரோம் உடம்பை விட்டு வேகமாக வெளியேறுவதால், ஒரு வேளை தவறினாலும் அதன் காப்பு சீக்கிரம் குறையும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மருத்துவர் கணக்குப் போட்டு, சில நாள் அடுத்தடுத்து ஐ.என்.ஆர். பார்த்து மாற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கும் காலம் முழுமைக்கும் மாத்திரையைக் கையோடு கொண்டுவந்துவிடுவதே மேல்.

ஐ.என்.ஆர். எவ்வளவு இருக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு முறை?

பெரும்பாலும் 2.0 முதல் 3.0. நிலையாக இருக்கிறவருக்கு இடைவெளியை மையம் கூட்டும். புது மருந்து, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்காத நாள்கள் வந்தால் காத்திருக்காமல் முன்கூட்டியே பாருங்கள். எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள். காலையில் ஒன்றிலும் மாலையில் இன்னொன்றிலும் கொடுத்துவிட்டு ஏன் மாறுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. மாத்திரையை மாலையில் போட்டால், காலை முடிவைப் பார்த்து அன்றைக்கே அளவைத் திருத்த முடியும். ஒரு வேளை மறந்தால் அன்றைய நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம். மறுநாள் இரட்டிப்பாகப் போடவே கூடாது.

விரலில் குத்திப் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால் நல்லது. அதன் பட்டைகள் 30 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் கெட்டுவிடும். நம் ஊர்க் கோடையில் முகப்புத் திண்ணை அலமாரியில் வைத்தால் வாங்கிய பணம் வீண்.

முருங்கைக்கீரையை நிறுத்திவிட வேண்டுமா?

நிறுத்த வேண்டாம். கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. முருங்கைக்கீரையில் அது நிறையவே உண்டு. ஆனால் மருந்தின் அளவு அவர் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டை வைத்துத்தான் தீர்மானமாகிறது. வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள், ஏறக்குறைய அதே அளவு. ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, ஊருக்கு வந்த உற்சாகத்தில் ஆச்சி தினமும் கீரை மசித்துப் போட்டால் ஐ.என்.ஆர். இறங்கும். விரத நாள்களில் நேர் மாறு. சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமுமாக இருந்தால் ஏறும், கூடவே உடம்பில் நீரும் குறையும். விரதம் இருக்க ஆசைப்படுகிறவர் ஒரு வேளைச் சாப்பாட்டோடு, தண்ணீர் குறையாமல் இருக்கட்டும். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சமையலில் போடுகிற பூண்டு, இஞ்சி, மிளகு, மஞ்சளுக்குப் பயம் வேண்டாம். அதையே லேகியமாக, மாத்திரையாக, பொடியாகச் சாப்பிடுவது வேறு. சித்த மருந்து எதுவானாலும் முதலில் சொல்லுங்கள்.

மூட்டு வலிக்கு என்ன போடலாம்?

டைக்ளோபினாக், ஐபுபுரோபன், அசிக்ளோபினாக் எதுவும் வேண்டாம். குடல் கசிவை இவை தூண்டும். பாராசிட்டமால் அளவோடு. தைலம் தேய்த்தால் என்ன என்பார்கள். விண்டர்கிரீன் எண்ணெய் கலந்த தைலத்தை நிறையத் தேய்த்தால் அது தோல் வழியே உள்ளே போய் ஐ.என்.ஆரை ஏற்றும். கிளினிக்கில் இடுப்பில் ‘ஒரு ஊசி போட்டுக்கலாம்’ என்று கேட்டுப் போட்டுக்கொள்வதையும் விட்டுவிடுங்கள். தசைக்குள் ரத்தம் கட்டி வீங்கும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் மாதிரி நுண்ணுயிர்க்கொல்லிகள் ஐ.என்.ஆரை ஏற்றும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் அதை அடியோடு இறக்கும்.

பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன, ஆனால் பம்புக்கு இன்னும் வழக்கமான தேர்வு இல்லை. டாபிகாட்ரானைப் பம்பு வைத்தவர்களிடம் முயன்ற ஆய்வைக் கட்டிகள் வந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். அபிக்சபானை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று மாறாதீர்கள்.

கரன்ட் போய்ப் பம்பு நின்றால் கட்டி வந்துவிடுமா?

நின்ற பம்பில் வால்வு கிடையாது. வெளியே போன ரத்தம் அதே வழியாகப் பின்னோக்கி இதயத்துக்குள் வரும். பம்புக்குள் தேங்கியது உறையத் தொடங்கும். எனவே நிற்க விடக் கூடாது. மின்தடைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு குறைவு, ஏனென்றால் இடுப்பில் கட்டும் இரண்டு பேட்டரிகள் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கருவிக்குள் அவசரத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடச் சேமிப்பும் உண்டு. இரண்டு பேட்டரியையும் ஒரே நேரத்தில் கழற்றுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. மாதப் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாளில் சார்ஜ் ஏற்ற இன்வெர்ட்டர் தேவை. நின்றுவிட்டால் உடனே மின்இணைப்பைக் கொடுத்துவிட்டு, எத்தனை நிமிடம் நின்றது என்று மையத்துக்குச் சொல்லுங்கள்.

நாடி பார்த்தால் எதுவும் தெரியவில்லை. மயங்கிக் கிடந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

பம்பு தொடர்ந்து தள்ளுவதால் பலருக்கு நாடி தட்டுப்படாது, சாதாரண பி.பி. மெஷினும் பிழை காட்டும். ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கும் டாப்ளர் கருவியை வைத்துத்தான் அளக்க வேண்டும், சராசரி அழுத்தம் 90ஐத் தாண்டாமல் இருப்பது மூளைக்கு நல்லது. மயங்கினால் மூச்சையும் நிறத்தையும் பாருங்கள். நெஞ்சில் காதை வைத்தால் பம்பின் ரீங்காரம் கேட்கும். கேட்காவிட்டால் ஒயரையும் பேட்டரியையும் சரிபாருங்கள். மூச்சும் இல்லை, நிறமும் மாறுகிறது, பம்பும் ஓடவில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தயங்க வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகலாமா? ஊருணியில் குளிக்கலாமா?

குன்றக்குடியிலிருந்து பழனி வரை முழுதாக நடப்பது வேண்டாம். உள்ளூர் எல்லை வரை சேர்ந்து நடந்து, பிறகு காரில் போகிறவர்களை எனக்குத் தெரியும்; மாற்றுப் பேட்டரியும் தண்ணீரும் கையில் இருக்க வேண்டும். ஊருணி, குளம், கடல் கிடையாது.

பல் பிடுங்க வேண்டும். மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது?

நிறுத்தாதீர்கள். அன்றைக்கு ஐ.என்.ஆர். வரம்புக்குள் இருந்தால், ஒன்றிரண்டு பல்லை மாத்திரையோடே எடுத்து, தையல் போட்டு, பஞ்சை அழுத்திக் கடிக்க வைத்துச் சமாளிக்கலாம். பல் மருத்துவரிடம் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பம்பைப் பற்றிச் சொல்லி, மையத்தின் எண்ணைக் கொடுங்கள். முடிந்தால் காலை நேரத்தில், வார நடுவில் போங்கள். சாயங்காலம் ரத்தம் கசிந்தாலும் கூப்பிட ஆள் இருக்கும்.